கள்ளும் சூதும் மருந்தும்

சென்ற தவணையில் ஒரு நாள், பதினோராந் தர மாணவர்க்குத் திருக்குறட் பொருட்பாலைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் புளத்கொகுபிட்டியவில் மழை பிடித்துக்கொண்டால், தகரக் கூரையின் கீழ் ஆசிரியர் குரல் எடுபடாது. ஆதலால் விளக்கத்தை நிறுத்திவிட்டு, மேல் வரும் அதிகாரங்களின் பெயர்களை மட்டும் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. மழை சற்றே ஓய்ந்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சேர், அந்தக் காலத்தில ஐஸ் இருக்கலையா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. யானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் பார்த்தால், இரண்டு பிள்ளைகள் மட்டும் சிரிக்காமல் மேசையையே நோக்கியிருந்தார்கள். இருவரும் ஒரே லயத்துப் பிள்ளைகள். அவர்களுள் ஒருவன், யான் பின்னர்ச் சொல்லப்போகும் இளைஞனுக்குத் தம்பி.

அந்தக் கேள்விக்கு அன்று யான் விடை சொல்லவில்லை. மணியடித்துவிட்டது என்று தப்பித்துக்கொண்டேன். விடையை இங்கே எழுதுகிறேன்.

தமிழ் இலக்கியங் கற்றவன் குடியைப்பற்றிப் பேசப் புகுந்தால், முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். நம் முன்னோர் குடியாதவர் அல்லர். தேறல், நறவு, தோப்பி, பிழி, மட்டு எனப் பழஞ் செய்யுட்களிலே கள்ளுக்கு வழங்கும் பெயர்களை எண்ணிப்பார்த்தாலே போதும். அதியமான் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துண்டதை நினைந்து ஔவையார் அரற்றிய புறப்பாட்டைப் பாடஞ் சொல்லும்போது இன்றும் என் குரல் தழுதழுக்கும். அந்த மொழியிலேதான் வள்ளுவர் கள்ளை விலக்கி ஓர் அதிகாரம் செய்தார். செய்தவர் அதனை எங்கே வைத்தார் என்பதுதான் என்னைப் பல ஆண்டுகளாகச் சிந்திக்க வைத்தது. ஊனுண்ணலை விலக்கும் புலான் மறுத்தல் 26ஆம் அதிகாரமாக அறத்துப்பாலிலே, துறவியரின் நோன்புகளோடு நிற்கிறது. கள்ளுண்ணாமையோ பொருட்பாலிலே, அரசு, அமைச்சு, அரண், படை, நட்பு, பகை என்பவற்றின் பின்னே வருகிறது. அடுத்துச் சூது; அதற்கடுத்து மருந்து. உரையாசிரியர்கள் இவ்வைப்பு முறைக்கு வேறு காரணங் காட்டுவர். அவர்களோடு வழக்காட யான் வரவில்லை. ஆயினும், மயக்கும் பொருளை ஒருவனுடைய தனிப்பட்ட பாவமாக மட்டும் கொள்ளாமல், அரசும் குடிகளும் கவலைப்படவேண்டிய காரியமாகவும் கொண்டார் என்று நினைப்பதற்கு இவ்வைப்பு இடந்தருகிறது. மருந்து அதிகாரத்தின் முடிவிலே, நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என நான்கு உறுப்புக்களை அவர் வகுக்கிறார். இந்நான்கனுள் எங்கள் மலையிலே எது உண்டு, எது இல்லை என்பதே என் கேள்வி.

போதைப்பொருளின் உலக வரலாறு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அயலார் கதை அன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயர் சீனத்துத் தேயிலையின்றி வாழமாட்டாதவர் ஆயினர். சீனரோ ஆங்கிலேயர் கொணர்ந்த சரக்கை விரும்பவில்லை; வெள்ளியே கேட்டனர். வெள்ளி கொடுத்து மாளாமற் போகவே, கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்திலும் பீகாரிலும் அபின் பயிரிடுவித்து, கல்கத்தாவில் ஏலம் போட்டனர். வணிகர் அதனை வாங்கிச் சீனத்துக்குக் களவாகக் கொண்டுபோய் விற்றனர். அந்தப் பணம் தேயிலைக்கு விலையாயிற்று. 1839இல் லின் சேசூ என்னும் சீன அதிகாரி அபினைப் பறித்து அழித்தார். அதன்மேல் மூண்ட போரிலே 1842இல் சீனம் தோற்றது. 1856 முதல் 1860 வரை மறுபடியும் போர். இதற்கிடையே தேயிலையைத் தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்திலேயே நட்டுக்கொள்ளலாம் என்று கண்ட ஆங்கிலேயர் அசாமில் நட்டனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் லூல்கந்துர தோட்டத்தில் நட்டார். அபினும் தேயிலையும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள். அந்தக் கணக்கேட்டுக்குக் கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே யான் இன்று தமிழ் கற்பிக்கிறேன்.

விற்றவர்களே பின்னர் வெட்கினர் போலும். 1909இல் ஷங்காய் நகரில் 13 நாடுகள் கூடி அபினைப்பற்றி ஆலோசித்தன. 1912இல் ஹேக் நகரில் முதலாவது சர்வதேச அபின் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஐக்கிய நாடுகள் அமைப்புத் தோன்றியபின், முன்னிருந்த ஏற்பாடுகளை ஒன்றாகத் தொகுத்து 1961இல் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஆய்கூடங்களிற் செய்யும் மாத்திரைகளுக்கென 1971இலும், கடத்தலை ஒடுக்குவதற்கென 1988இலும் வேறிரண்டு எழுந்தன. தெற்காசிய நாடுகள் 1990இல் மாலேயிற் கூடித் தமக்குள்ளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இவையெல்லாம் பொலிஸாரின் நூல்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படியன்று. 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முகவுரை, மனித குலத்தின் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பற்றிய கவலையோடு தொடங்கி, நோவு தணிக்க இப்பொருள்கள் மருத்துவத்துக்கு இன்றியமையாதன என்றும் கூறுகிறது. 1972இல் திருத்தப்பட்ட அதன் 38ஆம் உறுப்புரை, பழக்கத்துக்கு ஆட்பட்டாரை முன்கூட்டியே இனங்காணல், சிகிச்சை, கல்வி, மறுவாழ்வு, சமூகத்திலே மீளச் சேர்த்தல் என்பவற்றுக்கு நாடுகள் ஆவன செய்யவேண்டும் என்கிறது. கள்ளுண்ணாமையும் மருந்தும் ஒரே நூலில் இருப்பதுபோல, தண்டமும் சிகிச்சையும் அங்கே ஒரே ஏட்டில் இருக்கின்றன. நாடுகள் முதற் பாதியை உரக்க வாசித்தன.

இலங்கையிலும் ஆங்கிலேயர் காலத்தில் உரிமம் பெற்ற அபின் கடைகள் இருந்தன. 1910இல் வந்த சட்டத்தின் பின், பதிவு செய்துகொண்ட பழக்கத்தாருக்கும் நாட்டு வைத்தியருக்கும் மட்டுமே அபின் வழங்கலாம் என்றாயிற்று. இன்று எண்ணிப்பார்க்க வியப்பாயிருக்கிறது: அன்றைய அரசு பழக்கத்தாரைப் பெயர் பதிந்த மனிதராகவாவது கண்டது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. 1984இல் அது திருத்தப்பட்டு, 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்தினால் மரணம் அல்லது ஆயுட் சிறை என்றானது. ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமைன் 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அவ்வட்டவணையிற் சேர்க்கப்பட்டது. அதற்கு 5 கிராம்.

சரக்கு வரும் வழியையும் சொல்லவேண்டும். ஆப்கானிஸ்தானத்து ஹெரோயின், பாகிஸ்தான், ஈரான் நாடுகளின் மக்ரான் கரையிலிருந்து மரக்கலங்களில் ஏறி, நடுக்கடலில் எங்கள் நாட்டுப் பலநாள் மீன்பிடிப் படகுகளுக்குக் கைமாறித் தென்கரையில் இறங்குகிறது. கஞ்சா பாக்குநீரிணையைக் கடந்து மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருகிறது. அதற்கு இங்கே "கேரளக் கஞ்சா" என்று பெயர். விளைவதோ பெரும்பாலும் ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில். பெயர் ஓரிடம், பிறப்பு ஓரிடம். 2022 ஏப்ரலில் தாலிபான் ஆட்சியினர் அபின் பயிரைத் தடைசெய்தனர். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றவியல் அலுவலகம் 2023இல் அளந்து பார்த்தபோது, 233,000 ஹெக்டேயராக இருந்த விளைநிலம் 10,800 ஹெக்டேயராகச் சுருங்கியிருந்தது. அந்த ஆண்டிலேயே மியன்மார் அபின் விளைவில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஐஸுக்கு விளைநிலமே வேண்டுவதில்லை. மழையும் பருவமும் வேண்டா. இரசாயனமும் ஒரு கொட்டிலும் போதும். பயிரை நோக்கி எழுதப்பட்ட பழைய ஏற்பாடுகள் இதன்முன் தடுமாறுகின்றன.

இனி எங்கள் ஊர். சிங்களத்தில் புளத் என்றால் வெற்றிலை. ஊர்ப் பெயரிலேயே தாம்பூலம் உடையவர் நாங்கள். தோட்டங்களை ஒட்டித் தவறணையும், ஓடைக் கரைகளிற் கசிப்பும் நெடுங்காலமாக உள்ளவை. அவற்றால் அழிந்த குடும்பங்களை எண்ணி முடியாது. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவா பாடசாலைப் பிள்ளைகளின் காற்சட்டைப் பையில் இருக்கிறது. யானும் வெற்றிலை போடுகிறவன். 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, பாக்குத் தனியாகவே புற்றுநோய் விளைக்கும் என்று முடிவு செய்ததைப் பிற்காலத்தில் படித்து, பாக்கை விட முயன்றேன். மூன்று வாரம் தலைவலி, மனைவிமேற் கோபம், மாணவர்மேற் கோபம். நாலாம் வாரம் கல்யாண வீடு ஒன்றில் தட்டம் வந்தது; தோற்றேன். இரண்டாம் முறைதான் வென்றேன். ஒரு பாக்குத் துண்டுக்கு இந்தப் பாடென்றால், ஐஸுக்கு ஆட்பட்டவனை "மன உறுதி இல்லாதவன்" என்று கூற எனக்கு நாவெழவில்லை.

அந்தத் தாய் இறப்பர்ப் பால் வெட்டுபவர். ஒரு நாள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையின் மணம் போகாமலே என் வாசலுக்கு வந்தார். "ஐயா, புள்ளைய புடிச்சுக் குடுக்காம வைத்தியம் பாக்குற எடம் எங்கனாச்சும் இருக்குங்களா?" என்றார். அப்பிள்ளை என்னிடம் படித்தவன். செய்யுளைப் பிழையின்றி வாய்விட்டுப் படிப்பதில் அவனுக்கு நிகர் அன்று வகுப்பில் இல்லை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். இரவு பகலாகச் சரக்கு இறக்கும் வேலை; உறக்கம் வராதிருக்கும் என்று கூட இருந்தவன் கொடுத்தானாம். இரண்டாண்டில் எலும்புந் தோலுமாகத் திரும்பி வந்தான். தாயின் தோடு போயிற்று. பின்பு லயத்துப் பொதுக்குழாயின் பித்தளை வாயும் போயிற்று. அதன்பின் லயத்தில் அவ்வீட்டாரோடு எவரும் பேசுவதில்லை.

தாயையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த ஆலோசகர் இளைஞர், சிங்களவர், மிகப் பண்பானவர். குறை அவர்மேல் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. பையனுக்குச் சந்தைச் சிங்களமே தெரியும். ஆகவே யான் மொழிபெயர்த்தேன். எத்தனை நாளைக்கு ஒரு முறை? எவரிடம் வாங்கினாய்? உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா? எல்லாவற்றுக்கும் அவன், "இல்ல சேர்" என்றான். அவன் விடை சொன்னது ஆலோசகருக்கன்று, தன் தமிழாசிரியருக்கு. தாய் அருகே அமர்ந்திருந்தார். ஒரு கேள்வியில் வந்த சிங்களச் சொல்லை "ஆசை" என்று யான் பெயர்த்தேன். அவன் தலையை அசைத்துவிட்டுப் பேசாமலிருந்தான். திரும்பும் பஸ்ஸில், தாய் உறங்கியபின், மெல்லச் சொன்னான்: "ஆசை இல்ல சேர். பசியும் இல்ல. தோலுக்குக் கீழ எறும்பு ஊர்ற மாதிரி. அதுக்கு என்ன பேரு?" நிகண்டு கற்று, கள்ளுக்கு இத்தனை பெயர் சொல்லத் தெரிந்த எனக்கு அதற்கொரு பெயர் தெரியவில்லை.

இதை ஏன் இத்தனை விரிக்கிறேன் எனின், ஹெரோயினுக்கு மெதடோன் முதலிய மாற்று மருந்துகள் மருத்துவ உலகில் உள. ஐஸ் பழக்கத்தைத் தீர்க்கவென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. இருந்து பேசி, பேச வைத்து, நாளைக் கட்டிக் காத்துக் கொடுக்கும் உளவளத்துணையே அதற்குரிய முதன்மைச் சிகிச்சை. அதாவது, வள்ளுவர் கூறிய நான்கனுள் மருந்து என்பது இங்கே சொல். அந்தச் சொல் நோயாளியின் மொழியில் இல்லையாயின், வெறும் குப்பியைக் காட்டி மருந்தென்பது போலாம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், பழக்கத்துக்கு ஆட்பட்டவர் தாமாகவே வந்தும் சிகிச்சை பெறலாம் என்கிறது. அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 முதல் இருக்கிறது. சார்க் நாடுகளின் போதைப்பொருட் குற்றக் கண்காணிப்புப் பீடத்தையும், கொழும்புத் திட்டத்தின் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டத்தையும் அமைத்த நகரம் எங்கள் தலைநகரமே. ஏடுகள் நிறைந்திருக்கின்றன. புளத்கொகுபிட்டியவிலிருந்து அத்தாய் ஒரு நாட் பேரை இழந்து பஸ் ஏறினால் எட்டக்கூடிய தூரத்தில், தமிழில் "என்ன செய்கிறது, தம்பி?" என்று கேட்கக்கூடிய ஒருவரை யான் இன்னும் காணவில்லை.

தண்டத்தில் நம்பிக்கை வைத்தவர்கள் என் நண்பர்களிலும் உண்டு. அண்மையில் ஆசிரியர் ஒருவர், "பத்துப் பேரைத் தூக்கிலிட்டால் எல்லாம் சரியாகும்" என்றார். இந்நாட்டில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடக் கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜனவரியில் அவர் மணிலாவுக்குச் சென்று, டுட்டேர்ட்டேயின் போதைப்பொருள் ஒழிப்பு உலகுக்கே எடுத்துக்காட்டு என்று பாராட்டியிருந்தார். ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்த அந்த ஒழிப்புக்காக, 2025 மார்ச்சில் டுட்டேர்ட்டே கைதாகி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்நீதிமன்றமும் ஹேக் நகரிலேயே இருக்கிறது, 1912ஐ நினைத்துக்கொண்டேன். இங்கே 2023 டிசெம்பரில் "யுக்திய" நடவடிக்கை தொடங்கிப் பல்லாயிரவர் கைதாயினர். புனர்வாழ்வு என்ற பெயராலும் எல்லாம் நலமாக நடப்பதில்லை. 2022 ஜூனில் கந்தக்காட்டு நிலையத்தில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர்.

படகு படகாகக் கொணர்பவனைச் சட்டம் விடாது பிடிக்கட்டும். அதில் எனக்கு இரக்கமில்லை. ஆயினும் கொணர்பவனும் கொண்டவனும் ஒரே கூண்டில் ஏற்றப்படுவதை ஒப்பமாட்டேன். போர்த்துக்கல் நாட்டார் 2001 முதல், தம் உபயோகத்துக்கெனச் சிறிதளவு வைத்திருப்பவனைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், சட்டமும் உளவியலும் அறிந்தோர் அடங்கிய குழுவின் முன் அனுப்புகின்றனர். அங்கும் குறைகள் இருக்கலாம். அங்கே முதலிற் கேட்கப்படுவது, "உனக்கு என்ன செய்கிறது?" என்பது.

எங்கள் பையனைச் சில மாதங்களின் பின் பொலிஸார் பிடித்தனர். ஒரு கிராமுக்கும் குறைவான பொதி. விளக்கமறியலில் வைக்கப்பட்டுப் பிணையில் வந்தபோது, மூன்று புதிய விற்பனையாளரின் பெயரை அறிந்து வந்தான். கொழும்பில் இருந்த இரண்டாண்டிலும் அவனுக்கு அத்தனை பேரைத் தெரியாதாம். அழைப்பாணை சிங்களத்தில் வந்தது. தாய் அதனை என்னிடம் கொணர்ந்தார், வாசித்துச் சொன்னேன். வழக்குத் தவணை வரும் மாதம். அதற்கு முன்னர் மறுபடி அந்த ஆலோசகரிடம் போவோமா என்று பையனைக் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்து, "போவோம்; ஆனா நீங்க உள்ள வராதீங்க சேர். உங்ககிட்ட அதெல்லாம் சொல்ல வாய் வராது" என்றான்.

அவன் சொன்னது சரி. ஆசிரியனும் தாயும் உறவினரும் அருகிருந்து கொடுப்பவராக இருக்கலாம், தீர்ப்பவராக முடியாது. பல்கலைக்கழகத்தில் உளவியலோ உளவளத்துணையோ தமிழிற் கற்றவர், கற்பவர் இப்பக்கத்தை வாசிப்பவர்களில் இருப்பர். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரவேண்டும் என்றுகூட இல்லை. கண்டியிலும் ஹற்றனிலும் அவிசாவளையிலும் இருப்போர் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பஸ் கட்டணத்துக்கு ஆசிரியர் சிலர் சேர்ந்து வழி செய்திருக்கிறோம். மதிய உணவு என் வீட்டில். ஞாயிறுகளில் எங்கள் பாடசாலைப் பின்பக்கத்து அறை பூட்டியே கிடக்கிறது. அதற்குத் தனி வாசல் உண்டு. உள்ளே வருபவரை ஊரார் பார்க்க முடியாது. அதிபரைக் கேட்டுத் திறவுகோலை வாங்கி வைத்திருக்கிறேன்.